அத்தியாயம் 9: கிணற்றை முதலில் எழுதுங்கள் – டீமெர்ஜர் செய்யும் முறை

பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். மேற்குக் காடு அண்ணனுக்கு, கிழக்குக் காடு தம்பிக்கு என்று நிலத்தை நாலு வரியில் முடித்திருப்பார்கள். கிணறு வந்ததும் எழுத்து நீளும். யாருக்கு எந்தக் கிழமை முறைத் தண்ணீர், மோட்டார் காயில் போனால் செலவு யார் தலையில், வாய்க்கால் யார் நிலத்து வழியே போகும், கிணற்று மேட்டுத் தென்னையில் காய் யாருக்கு என்று ஒவ்வொன்றாக இருக்கும். பத்திரம் எழுதிய கை அனுபவப்பட்ட கை. வம்பு எங்கே முளைக்கும் என்று அதற்குத் தெரியும்.

கம்பெனியைப் பிரிப்பதும் அப்படித்தான். இந்தக் கட்டடம் உனக்கு, அந்த மெஷின் எனக்கு என்பது ஒரு வாரத்து வேலை. இரண்டு தொழிலும் சேர்ந்து அனுபவிக்கும் கரண்ட், கடன், பெயர், ஆட்கள் ஆகியவற்றைப் பங்கு வைப்பதில்தான் மாதக்கணக்கில் நேரம் போகும். டீமெர்ஜர் பற்றிய இந்த அத்தியாயத்தில் சட்டப் படிகளும் உண்டு. ஆனால் கிணற்று மேட்டில்தான் அதிக நேரம் உட்காரப் போகிறோம்.

ஒரு மாதிரிக் கம்பெனியை வைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் ஒரு பிரைவேட் லிமிடெட். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதிப் பங்கு. ஒரே வளாகத்தில் இரண்டு தொழில்: பம்ப்செட் தயாரிப்பு, அதற்குக் காஸ்டிங் ஊற்றித் தரும் ஃபவுண்டரி. மொத்தச் சொத்து 80 கோடி ரூபாய். அதில் ஃபவுண்டரியின் சொத்து 24 கோடி. கடன் கழித்த நிகர மதிப்பு 40 கோடி. அதில் ஃபவுண்டரியுடையது 12 கோடி. ஃபவுண்டரி இப்போது வெளி ஆர்டர்களையும் பிடிக்கிறது. அதைத் தனிக் கம்பெனியாக்க வேண்டும்.

டீமெர்ஜரா, மொத்த விற்பனையா?

டீமெர்ஜரில் ஒரு தொழில் அதன் சொத்து, கடன், ஆட்கள், ஒப்பந்தங்களோடு இன்னொரு கம்பெனிக்குப் போகிறது. அதற்கு ஈடாகப் புதுக் கம்பெனி தன் பங்குகளைத் தாய்க் கம்பெனியின் பங்குதாரர்களுக்குக் கொடுக்கிறது. தாய்க் கம்பெனியின் கைக்குக் காசு வராது. நேற்று வரை ஒரு பங்குச் சான்றிதழ் வைத்திருந்தவர் இன்று இரண்டு வைத்திருப்பார்.

ஸ்லம்ப் சேல் எனப்படும் மொத்த விற்பனையில் காசு வரும். தொழிலை ஒரே மொத்த விலைக்கு விற்பது அது. விலை கம்பெனிக்குப் போகும், லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு, பழைய நஷ்டம் வாங்கியவர் பின்னால் போகாது. ஆனால் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு அலைய வேண்டாம், சீக்கிரம் முடியும். வெளியாளுக்குக் கைமாற்றிப் பணமாக்க வேண்டுமென்றால் இந்த வழி. அதே பங்குதாரர்கள் இரண்டு தொழிலையும் தனித்தனியே நடத்த நினைத்தால் டீமெர்ஜர்.

வரிச் சலுகைக்கு ஆறு வாசல்

டீமெர்ஜர் செய்தால் வரி இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். நிபந்தனைகளுக்கு உட்பட்டு என்பதை விட்டுவிடுவார்கள். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2(19ஏஏ) பிரிவில் டீமெர்ஜருக்கு இலக்கணம் வகுத்தது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதுச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். உங்கள் ஆண்டுக்கு எது பொருந்தும் என்று ஆடிட்டர் குறித்துத் தரட்டும். இலக்கணத்தின் சாரம் இது:

1. அந்தத் தொழிலின் எல்லாச் சொத்தும் புதுக் கம்பெனிக்குப் போக வேண்டும்.
2. அந்தத் தொழிலைச் சார்ந்த எல்லாக் கடனும் கூடவே போக வேண்டும்.
3. கணக்குப் புத்தகத்தில் உள்ள மதிப்பிலேயே போக வேண்டும். இடையில் மறுமதிப்பீடு செய்து ஏற்றியிருந்தால் அந்த ஏற்றத்தைக் கழித்துவிட வேண்டும்.
4. புதுக் கம்பெனி தன் பங்குகளைப் பழைய பங்குதாரர்களுக்கு அவரவர் விகிதப்படி கொடுக்க வேண்டும்.
5. தாய்க் கம்பெனிப் பங்குகளில் மதிப்பின்படி நாலில் மூன்று பங்கு வைத்திருப்பவர்களாவது புதுக் கம்பெனியிலும் பங்குதாரர் ஆக வேண்டும்.
6. தொழில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே கைமாற வேண்டும்.

முதல் நிபந்தனையில் இடறுபவர்கள் அதிகம். ஃபவுண்டரியைக் கொடுக்கிறேன், அது நிற்கும் ரோட்டோர மனையை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றால், எல்லாச் சொத்தும் போனதா என்ற கேள்வி எழும். இரண்டு லேத்தையும் ஒரு குடோனையும் பிரித்துக் கொடுத்து அதற்கு டீமெர்ஜர் என்று பெயர் வைக்கவும் முடியாது. போவது தன் காலில் நிற்கக்கூடிய ஒரு தொழிலாக இருக்க வேண்டும். தனிச் சொத்துகளின் மூட்டை தொழில் ஆகாது.

நிபந்தனைகள் நிறைவேறினால் தாய்க் கம்பெனிக்கு மூலதன ஆதாய வரி இல்லை. புதுப் பங்கு பெறுபவருக்கும் அப்போது வரி இல்லை. ஃபவுண்டரிக்கென்று நேரடியாக நின்ற பழைய நஷ்டமும் தேய்மானமும் புதுக் கம்பெனிக்குப் போகும். இன்ன தொழிலுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாத நஷ்டத்தைச் சொத்து விகிதப்படி பங்கிட வேண்டும்.

தொழில் பிரியும், ஆட்கள் பிரியமாட்டார்கள்

நாலாவது நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். குடும்பக் கம்பெனிகளின் கணக்கு தப்பிப்போவது அங்கேதான்.

ஃபவுண்டரி தம்பிக்கு, பம்ப் அண்ணனுக்கு என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. டீமெர்ஜர் செய்தால் என்ன ஆகும்? விகிதப்படி பங்கு கொடுப்பதால் இரண்டு கம்பெனியிலும் இருவருக்கும் பாதிப்பாதி இருக்கும். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள் இப்போது இரண்டு பாத்திரத்தில் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

விகிதம் மாற்றி ஃபவுண்டரிப் பங்கு முழுவதையும் தம்பிக்கே கொடுக்கும்படி திட்டம் எழுதினால், வரிச் சட்டத்தின் இலக்கணத்துக்கு அது வெளியே போய்விடும். பிரித்த பிறகு பங்குகளை மாற்றிக்கொண்டால் அது பரிமாற்றம். ஆதாய வரி வரும். சகோதரர்களுக்குள் தானம் கொடுக்க வரி இல்லையே என்பார்கள். ஒரே நாளில் நீ எனக்குத் தானம், நான் உனக்குத் தானம் என்று எழுதினால் அதிகாரி அதைத் தானமாகப் படிப்பாரா என்று நீங்களே யோசியுங்கள். நேர்மையான குடும்ப உடன்பாடு சொத்து மாற்றமாகாது என்று நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு. அதற்கு உண்மையான தகராறோ உரிமைக் கோரிக்கையோ இருந்திருக்க வேண்டும். காகிதமும் இருக்க வேண்டும். பங்குகள் ஆட்கள் பெயரில் இல்லாமல் ஹோல்டிங் கம்பெனி பெயரில் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

ஆகவே, ஆட்களைப் பிரிப்பதுதான் உண்மையான நோக்கமென்றால் அந்தக் கணக்கை முதலில் போடுங்கள். டீமெர்ஜர் திட்டத்தை அதற்குப் பின்னால் எழுதுங்கள். வரிசை மாறினால் ஒரு வருடம் அலைந்த பிறகும் அண்ணனும் தம்பியும் அதே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள்.

கிணற்று மேடு

இனி வளாகத்துக்குள் நடந்து போவோம். கையில் ஒரு நோட்டு வேண்டும். இரண்டு தொழிலும் தொடும் ஒவ்வொன்றையும் குறியுங்கள்.

*கரண்ட்.* கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே எச்.டி. சர்வீஸ், ஒரே மீட்டர். ஃபவுண்டரியின் இண்டக்‌ஷன் ஃபர்னஸ்தான் கரண்டைக் குடிப்பது. பம்ப் அசெம்பிளிக்குக் கொஞ்சம் போதும். பிரித்த மறுநாள் அந்த மீட்டர் யாருடையது? ஒரு கம்பெனி தன் இணைப்பிலிருந்து வேறொரு கம்பெனிக்கு வயர் இழுத்துக் கொடுப்பது மின்வாரியத்தைக் கேட்காமல் செய்கிற காரியமில்லை. தனி இணைப்புக்குத் தனிப் பாதை, தனிச் சுவர், தனி டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தேவைப்படலாம். இந்த வேலையைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் மனுப் போடுவதற்கு முன்பே தொடங்குங்கள்.

*நிலம்.* ஒரே சர்வே எண்ணில் இரண்டு ஷெட் நின்றால் உட்பிரிவு, பட்டா மாற்றம், வழி உரிமை ஆகியவை வேண்டும். ஃபவுண்டரிக்கு மண் லாரி பம்ப் ஷெட் முன்னால்தான் திரும்புகிறது என்றால் அதையும் எழுதுங்கள். சொத்து மாறுவதற்கு முத்திரைத் தீர்வை உண்டு. திட்டத்தை அங்கீகரிக்கும் உத்தரவும் தீர்வைக்கு உட்பட்ட ஆவணமே என்று உச்ச நீதிமன்றம் இந்துஸ்தான் லீவர் வழக்கில் 2003இல் சொல்லிவிட்டது. விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மொத்தச் செலவில் இதுவே பெரிய தொகையாக வந்து நிற்கக்கூடும். முதல் நாளே கணக்குப் போடுங்கள்.

*கடன்.* ஃபர்னஸ் வாங்க எடுத்த டெர்ம் லோன் ஃபவுண்டரியோடு போகும். இரண்டுக்கும் பொதுவான 10 கோடி ரூபாய் கேஷ் கிரெடிட்? அதைச் சொத்து விகிதப்படி பிரிக்க வேண்டும். 80 கோடியில் 24 கோடி என்றால் 30 சதவீதம். ஆக 3 கோடி புதுக் கம்பெனியின் தலையில். இந்தக் கணக்கு சட்டத்துக்குச் சரி. பேங்க் மேனேஜருக்குச் சரியாக வேண்டுமே! அவர் கையில் இருப்பது மொத்த வளாகத்தின் அடமானம். பேங்கின் சம்மதக் கடிதம் வராமல் திட்டத்தை போர்டு மீட்டிங்கில் வைக்காதீர்கள்.

*பெயர்.* பம்ப் மேல் இருக்கும் பெயர் பலகையைத்தான் ஃபவுண்டரியும் தன் வெளி ஆர்டருக்குக் காட்டுகிறது. டிரேட் மார்க் ஒருவருக்குச் சொந்தம், மற்றவருக்கு இத்தனை வருடம் இன்ன பொருளுக்கு மட்டும் உரிமம் என்று தெளிவாக எழுதுங்கள். அரசு டெண்டரில் மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். நேற்றுப் பிறந்த கம்பெனி எதைக் காட்டும்? ஃபவுண்டரியின் பழைய ஆர்டர் வரலாறும் தொழிலோடு சேர்ந்து மாறுகிறது என்று திட்டத்திலேயே ஒரு ஷரத்து வையுங்கள்.

*ஆட்கள்.* மோல்டரும் ஃபர்னஸ் ஆபரேட்டரும் எந்தப் பக்கம் என்பதில் குழப்பமில்லை. ஸ்டோர் கீப்பர், அக்கவுண்டன்ட், கேட் வாட்ச்மேன், டிரைவர் ஆகியோரைப் பெயர் பெயராகப் பட்டியல் இடுங்கள். பணித் தொடர்ச்சி அறக்கூடாது, சம்பள நிபந்தனைகள் குறையக்கூடாது, கிராஜுவிட்டிக்குப் பழைய வருடங்களும் சேர வேண்டும். வேறு யாரும் சொல்வதற்கு முன் இதைத் தொழிலாளர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். டீக்கடையில் கேள்விப்பட்டால் கம்பெனியை விற்கிறார்கள் என்றுதான் காதில் விழும்.

*ஜி.எஸ்.டி. இருப்பு.* பயன்படுத்தாமல் கிடக்கும் உள்ளீட்டு வரிக் கடனைச் சொத்து மதிப்பு விகிதப்படி புதுக் கம்பெனிக்கு மாற்றலாம். அதற்கு ஐ.டி.சி.-02 படிவமும் ஆடிட்டர் சான்றும் வேண்டும். இரண்டு மாநிலத்தில் பதிவு இருந்தால் விகிதத்தை மாநிலவாரியாகப் போட வேண்டும்.

*காஸ்டிங்.* எல்லாவற்றிலும் பெரிய கிணறு இதுதான். நேற்று வரை ஃபவுண்டரியிலிருந்து பம்ப் ஷெட்டுக்கு டிராலியில் போன காஸ்டிங்குக்கு விலை கிடையாது. நோட்டில் எடை எழுதினால் போதும். நாளை முதல் அது விற்பனை. கிலோ என்ன விலை, இரும்பு விலை ஏறினால் யார் தாங்குவது, மாதம் எத்தனை டன் எடுத்தே ஆக வேண்டும், புழை விழுந்த காஸ்டிங்கைத் திருப்பினால் யார் நஷ்டம், எத்தனை வருடத்துக்கு இந்த ஏற்பாடு?

ஒரு தெளிவில்லாத ஷரத்தின் விலை

இதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த பாடம் ஒன்று உண்டு. 2005 ஜூனில் அம்பானி சகோதரர்கள் முகேஷும் அனிலும் தாயார் கோகிலாபென் முன்னிலையில் குடும்ப உடன்பாடு கண்டார்கள். ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸிலிருந்து நாலு தொழில்கள் டீமெர்ஜர் மூலம் பிரிந்தன. அவற்றில் ஒன்று அனில் தரப்புக்குப் போன ரிலையன்ஸ் நேச்சுரல் ரிசோர்சஸ். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் முகேஷ் தரப்பு எடுக்கும் எரிவாயுவில் நாளொன்றுக்கு 2.8 கோடி கன மீட்டர், ஒரு யூனிட் 2.34 டாலர் விலையில், 17 வருடத்துக்கு அனில் தரப்புக்கு வர வேண்டும் என்பது குடும்பத்துக்குள் பேச்சு. டீமெர்ஜர் திட்டத்திலோ எரிவாயு வழங்கப் பொருத்தமான ஏற்பாடு செய்துகொள்வது என்ற அளவில்தான் ஷரத்து இருந்தது. பிறகு அரசு 4.20 டாலர் விலைக்கு ஒப்புதல் கொடுத்தது. பொருத்தம் என்பது எது என்று வழக்கு நீண்டது.

2010 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குடும்ப உடன்பாடு குடும்பத்தாருக்குள் இருந்தது. லட்சக்கணக்கான பங்குதாரர்கள் அதைப் பார்த்ததில்லை. ஆகவே அது கம்பெனியைக் கட்டுப்படுத்தாது, விலையில் அரசின் முடிவே செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு. எரிவாயுவை நம்பிப் பிறந்த கம்பெனி அந்த வருடமே ரிலையன்ஸ் பவரில் இணைந்தது.

நம் ஃபவுண்டரிக்கு இதில் இரண்டு பாடம். ஒன்று, வீட்டுக் கூடத்தில் பேசியது கம்பெனிக்குத் தெரியாது. இரண்டு, சப்ளை ஒப்பந்தத்தில் அளவு, விலைச் சூத்திரம், காலம் ஆகிய மூன்றும் எண்ணாக இருக்க வேண்டும். பரஸ்பரம் பேசி முடிவு செய்து கொள்ளப்படும் என்ற வாக்கியம் எங்கே வந்தாலும் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

தீர்ப்பாயத்தின் படிகள்

கம்பெனிச் சட்டம் 2013இன் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின் கீழ் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்குச் சென்னை அமர்வு.

முதலில் திட்ட வரைவை இரண்டு கம்பெனிகளின் போர்டும் ஏற்க வேண்டும். புதுக் கம்பெனி இதற்கென்றே தொடங்கிய வெறும் கூடாக இருந்தால் பங்கு விகிதக் கணக்கு எளிது. ஏற்கெனவே தொழில் நடத்தும் கம்பெனிக்கு மாற்றுவதானால் மதிப்பீட்டாளரின் அறிக்கையைச் சுற்றியே பாதிப் பேச்சு நடக்கும். பட்டியலிட்ட கம்பெனி என்றால் பங்குச் சந்தையின் கருத்துக் கடிதம் முன்கூட்டியே வேண்டும்.

பிறகு முதல் மனு. பங்குதாரர், கடன் கொடுத்தோர் கூட்டங்களைத் தீர்ப்பாயம் நடத்தச் சொல்லும். மதிப்பின்படி 90 சதவீதக் கடன் கொடுத்தோர் பிரமாணப் பத்திரத்தில் சம்மதித்தால் அவர்கள் கூட்டத்தைத் தவிர்க்கத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். பேங்கைத் தவிரப் பெரிய அளவில் கடன் கொடுத்தோர் இல்லாத கம்பெனிக்கு இது நல்ல வழி. கூட்டம் நடந்தால் ஒரு மாதம் முன்பே அறிவிப்புப் போக வேண்டும். வாக்களித்தவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையும் மதிப்பில் நாலில் மூன்று பங்கும் ஆதரவாக இருக்க வேண்டும். 10 சதவீதப் பங்கு வைத்திருப்பவரோ மொத்தக் கடனில் 5 சதவீதம் வரவேண்டியவரோதான் ஆட்சேபணை எழுப்ப முடியும்.

மண்டல இயக்குநர், கம்பெனிப் பதிவாளர், வருமான வரித் துறை ஆகியோருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்களுக்கு 30 நாள் அவகாசம். வருமான வரித் துறையில் பழைய பாக்கி இருந்தால் இங்கேதான் தலை நீட்டும். முன்பே பார்த்துத் தீர்த்துவிடுங்கள். அடுத்து இரண்டாவது மனு, பத்திரிகை விளம்பரம், கணக்கு முறை சரியென்று ஆடிட்டர் சான்று, விசாரணை, உத்தரவு. உத்தரவின் சான்று நகலை 30 நாளுக்குள் ஐ.என்.சி.-28 படிவத்தில் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும்.

சிறிய கம்பெனிகளுக்கு 233ஆம் பிரிவில் மண்டல இயக்குநர் வழியாக விரைவு வழி உண்டு. 2025 செப்டம்பரில் அதன் வாசலை அகலப்படுத்தியிருக்கிறார்கள். அதில் போவதற்கு முன் வருமான வரிச் சலுகை அந்த வழிக்கும் கிடைக்குமா என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

தேதி விஷயத்தில் கவனம். கணக்கில் தொழில் கைமாறும் நாள் ஒன்று, உத்தரவு நடைமுறைக்கு வரும் நாள் வேறு. முதல் தேதி ஏப்ரல் 1, உத்தரவு அடுத்த பிப்ரவரி என்றால் நடுவில் பத்து மாதம் தாய்க் கம்பெனி ஃபவுண்டரியை அறங்காவலர் போல நடத்துகிறது என்று பொருள். அந்த மாதங்களின் லாபம், வரி, டி.டி.எஸ். எல்லாவற்றையும் பின்னால் பிரிக்க வேண்டும். திருத்திய வருமான வரிக் கணக்குக்கு, உத்தரவு வந்த மாத முடிவிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். முதல் நாளிலிருந்தே ஃபவுண்டரிக்குத் தனிப் புத்தகம் எழுதி வந்தவருக்கு இது ஒரு வார வேலை. மற்றவருக்கு ஒரு வருடத் தலைவலி.

பங்குதாரர் கையில் வருவது

புதுப் பங்கு இலவசமாக வந்தது போலத் தோன்றும். வரிக் கணக்கில் பழைய அடக்க விலையே இரண்டாகப் பிரிகிறது. போன சொத்தின் நிகரப் புத்தக மதிப்பைக் கம்பெனியின் நிகர மதிப்பால் வகுத்தால் விகிதம் வரும். நம் கம்பெனியில் 40 கோடிக்கு 12 கோடி, 30 சதவீதம். ஆயிரம் ரூபாய் அடக்கமான பங்கு ஒன்றில் 300 ரூபாய் ஃபவுண்டரிக்கு, 700 ரூபாய் பம்புக்கு.

ஐ.டி.சி. கம்பெனியிலிருந்து ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் 2025 ஜனவரியில் பிரிந்தபோது பத்துப் பங்குக்கு ஒரு பங்கு கிடைத்தது; அடக்க விலையை 86.49, 13.51 என்று பிரிக்கக் கம்பெனி சொன்னது. 200 ரூபாய் வீதம் பத்துப் பங்கு வாங்கியவரின் 2,000 ரூபாயில், ஒரு ஹோட்டல் பங்கின் அடக்கம் 270.20 ரூபாய், பழைய பங்கு ஒவ்வொன்றும் 172.98 ரூபாய். பழைய பங்கை வாங்கிய தேதியே புதுப் பங்குக்கும் தொடரும். இந்த விகிதம் சொல்லும் தாளைப் பத்திரமாக வையுங்கள். விற்கிற வருடம் தேட வேண்டி வரும்.

மனுவுக்கு முன் மூன்று மாதம்

வக்கீலைப் பார்க்கும் முன் இதைச் செய்து பாருங்கள். வரும் மாதம் முதல் தேதியிலிருந்து இரண்டும் தனிக் கம்பெனி என்று பாவித்து நடத்துங்கள். ஃபவுண்டரிக்கு ஒரு சப் மீட்டர் மாட்டுங்கள். பம்ப் ஷெட்டுக்குப் போகும் ஒவ்வொரு டிராலிக்கும் விலை போட்டு ஒரு மாதிரி பில் எழுதுங்கள். அக்கவுண்டன்ட் சம்பளத்தைப் பிரித்து எழுதுங்கள். பங்கு போட்ட கடனுக்கு வட்டி கட்டுவதாகக் கணக்கில் காட்டுங்கள்.

முதல் மாத முடிவில் தகராறு வரும். பம்ப் பக்கம் காஸ்டிங் விலை அதிகம் என்பார்கள். ஃபவுண்டரி பக்கம் கரண்ட் பில்லை மறுப்பார்கள். வாட்ச்மேன் சம்பளத்தை இருவருமே தள்ளிவிடுவார்கள். வரட்டும். ஒவ்வொன்றையும் பேசித் தீர்த்து, தீர்த்ததை எண்ணாக நோட்டில் எழுதுங்கள். மூன்றாம் மாதம் அந்த நோட்டை வக்கீலிடம் கொடுங்கள். திட்டத்தின் ஷரத்துகளும் சப்ளை ஒப்பந்தமும் பெரும்பாலும் அதற்குள் இருக்கும்.

மூன்று மாதம் கழித்தும் ஃபவுண்டரிக்கு ஏற்ற ஒரு காஸ்டிங் விலை இருவருக்கும் ஒத்துவரவில்லையா? அப்படியானால் அந்த ஃபவுண்டரி இன்னும் தனித் தொழில் ஆகவில்லை. மனுவை ஒத்திப்போடுங்கள், நோட்டைத் தொடருங்கள்.